கழிவுநீர் இணைப்பு: ஒரே முறை கேளுங்கள்

கூவமும் அடையாறும் பக்கிங்காம் கால்வாயும் ஏன் இப்படி நாறுகின்றன என்று கேட்டால், சென்னையில் எப்போதும் பெரிய பதில்களே கிடைக்கும். சுத்திகரிப்பு நிலையங்கள் போதவில்லை, பழைய குழாய்கள் தாங்கவில்லை, விரிவாக்கப் பகுதிகளில் பாதாளச் சாக்கடைப் பணி முடியவில்லை. எல்லாமே உண்மைதான், எல்லாமே கோடிக்கணக்கில் பணம் கேட்பவை. ஆனால், தெருவில் குழாய் பதித்து முடித்த பிறகும் அந்தத் தெருவின் வீடுகள் அனைத்தும் அதில் சேர்ந்துவிடுவதில்லை. அங்கே குழாய்க்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பவை சில அடி மண்ணும் ஓர் அலுவலக கவுன்ட்டரும்தான். மண்ணைத் தோண்டும் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். கவுன்ட்டரைக் கடக்க எத்தனை நாளாகும் என்பதைத்தான் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. இந்த நிச்சயமின்மையைப் போக்குவது, கழிவுநீர் நிர்வாகத்தில் மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய சீர்திருத்தம். அதற்கு ஒரு விதியை உறுதியாகக் கடைப்பிடித்தால் போதும். விண்ணப்பம் முழுமையாக இருக்கிறதா என்பதை வாங்கும் இடத்திலேயே, ஒரே முறை, எழுத்துபூர்வமாக முடிவு செய்ய வேண்டும். அதன் பிறகு கழியும் ஒவ்வொரு நாளும் குடிநீர், கழிவுநீர் வாரியத்தின் தாமதமாகக் கணக்கில் ஏற வேண்டும்.

சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் 1978-இல் தனிச் சட்டத்தின் கீழ் அமைந்தது. 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, அதுவரை நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஊராட்சிகளுமாக இருந்த இடங்கள் வாரியத்தின் பொறுப்பில் வந்தன. அம்பத்தூர், மாதவரம், வளசரவாக்கம், சோழிங்கநல்லூர் போன்ற பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகச் செப்டிக் டேங்க்கோடு வாழ்ந்தவர்கள் முதன்முறையாகக் கழிவுநீர் இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டியவர்கள் ஆனார்கள். இணைப்பு வேண்டுவோருக்கு வாரியத்தின் முகம் என்பது பணிமனை அலுவலகமும் பகுதி அலுவலகமும்தான். படிவத்தோடு சொத்துவரி ரசீது, கிரயப் பத்திர நகல், கட்டட வரைபட அனுமதி ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பொறியாளர் இடத்தைப் பார்த்துக் குழாய் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், எவ்வளவு தூரம் என்று குறித்துச் செலவு மதிப்பீடு போடுவார். பணம் கட்டிய பிறகு சாலையை வெட்ட மாநகராட்சியின் அனுமதி வேண்டும். அதற்கும் பிறகுதான் மண்வெட்டி இறங்கும். காகிதத்தில் பார்த்தால் இது சிக்கலான நடைமுறையே இல்லை. சிக்கல் முழுவதும் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது.

அரசு அலுவலகத்தில் தாமதம் என்றால் நீண்ட வரிசைதான் நம் மனதில் வரும். வரிசையில் நிற்பது சில மணி நேரத்தோடு முடிந்துவிடும். வாரக்கணக்கில் நாளை விழுங்குவது திரும்பி வருதல். பத்திர நகல் தெளிவாக இல்லை என்று முதல் நாள் திருப்பி அனுப்புகிறார்கள். தெளிவான நகலோடு போனால் வாரிசுச் சான்று எங்கே என்கிறார்கள். அதையும் கொண்டுபோனால், வரி ரசீது தாத்தாவின் பெயரில் இருக்கிறது, பெயர் மாற்றிவிட்டு வாருங்கள் என்கிறார்கள். இந்த மூன்று குறைகளும் முதல் நாளே கண்ணுக்குத் தெரிந்தவைதான். ஆனாலும் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு வருகையிலும் சொல்லப்படுகின்றன. இதற்கு எல்லா நேரமும் கெட்ட எண்ணம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. கோப்பில் ஒரு தாள் குறைந்தால் தணிக்கைக் குறிப்பு வரும், விளக்கம் கேட்பார்கள். ஒரு தாள் கூடுதலாகக் கேட்டால் எந்த அதிகாரிக்கும் எந்த நஷ்டமும் இல்லை. அந்தக் கூடுதல் தாளின் விலையைக் கட்டுபவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் விண்ணப்பதாரர். கேட்பவருக்கு இலவசம், கொடுப்பவருக்குச் செலவு என்றிருக்கும் இடத்தில் கேட்பது கூடிக்கொண்டேதான் போகும். எந்த மேசையில் எந்தத் தாளைக் கேட்பார்கள் என்பதை அறிந்தவர் ஒருவர் அலுவலக வாசலில் நிற்பதும் இதன் விளைவுதான். அவர் விற்பது செல்வாக்கு என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அவர் விற்பது தகவல். அந்தத் தகவலை வாரியமே சுவரில் எழுதி ஒட்டி, எழுதியபடியே நடந்துகொண்டால் அவரிடம் விற்க ஒன்றும் இருக்காது.

இதை வெறும் அலைச்சல் என்று ஒதுக்கிவிட முடியாது. மின் இணைப்புத் தாமதமானால் வீடு இருட்டாக இருக்கும்; வீட்டுக்காரர் காத்திருப்பார். கழிவுநீருக்குக் காத்திருக்கத் தெரியாது. குடிவந்த முதல் நாளிலிருந்து அது வெளியேறியே ஆக வேண்டும். முறையான இணைப்பு கிடைக்காத வீட்டுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. வாசலை ஒட்டிப் போகும் மழைநீர் வடிகாலில் ஒரு துளை போட்டுக் குழாயைச் சொருகிவிடலாம். கொத்தனார் ஒருவர் ஒரே இரவில் முடித்துவிடுவார், யாரிடமும் எந்தத் தாளும் காட்ட வேண்டியதில்லை. மாநகராட்சி இப்படிப்பட்ட திருட்டு இணைப்புகளைக் கண்டுபிடித்து அடைப்பதும் அவை மறுபடி முளைப்பதும் ஆண்டுதோறும் நடக்கின்றன. ஆறுகளுக்குப் போய்ச் சேரும் கழிவுநீரில் ஒரு பங்கு இந்த வழியாகத்தான் போகிறது. இன்னொரு வழி, செப்டிக் டேங்க்கை அப்படியே வைத்துக்கொண்டு நிரம்பும்போதெல்லாம் லாரியைக் கூப்பிடுவது. லாரி நுழைய முடியாத சந்துகளில் மனிதரை இறக்கும் கொடுமை இங்கேதான் தொடர்கிறது. மனிதக் கழிவை மனிதரே அகற்றும் வேலைக்கு 2013-இன் சட்டம் தடை விதித்திருக்கிறது. சாக்கடையில் இறங்கி உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. அப்படியும் சாவுகள் நிற்கவில்லை. அவற்றின் எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கிறது. முறையாக இணைக்கப்படும் ஒவ்வொரு வீட்டாலும் யாரோ ஒருவர் இறங்க நேரும் ஒரு தொட்டி குறைகிறது. ஆகவே கவுன்ட்டரில் நடக்கும் தாமதத்தைப் பொதுச் சுகாதாரக் கேள்வியாகவே பார்க்க வேண்டும். சட்டப்படி நடப்பது கடினமாகவும் சட்டத்தை மீறுவது எளிதாகவும் இருக்கும்வரை அபராதத்தை எவ்வளவு உயர்த்தினாலும் பலன் சொற்பமே.

முன்மாதிரிகள் பக்கத்திலேயே இருக்கின்றன

ஒரே முறை கேட்பது, நாள் குறிப்பது, தவறினால் பொறுப்பேற்பது ஆகிய மூன்றும் இந்திய நிர்வாகத்துக்குப் புதியவை இல்லை. பாஸ்போர்ட் சேவை மையத்தில் ஏ, பி, சி என்று மூன்று வகை கவுன்ட்டர்கள் இருக்கின்றன. முதலாவதில் ஆவணங்களைப் பதிவு செய்து படம் எடுப்பார்கள். இரண்டாவதில் சரிபார்ப்பார்கள். மூன்றாவதில் அதிகாரி முடிவெடுப்பார். விண்ணப்பதாரர் வெளியே வரும்போது தன் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் வருகிறார். மின்சாரத்துறையில் 2020-இல் வந்த நுகர்வோர் உரிமை விதிகள் 2024-இல் திருத்தப்பட்டபோது, புதிய இணைப்புக்கான கெடு பெருநகரங்களில் 3 நாள், நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், ஊரகப் பகுதிகளில் 15 நாள் என்று குறைக்கப்பட்டது. அந்தக் கெடு, முழுமையான விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கர்நாடகத்தின் சேவை உறுதிச் சட்டம் 2011-இல் இயற்றப்பட்டு, ‘சகாலா’ என்ற பெயரில் நடைமுறைக்கு வந்தது. அங்கே சேவை தாமதமானால் நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம் 500 ரூபாய் வரை விண்ணப்பதாரர் இழப்பீடு கேட்கலாம். அந்தத் தொகை பொறுப்பான அதிகாரியின் சம்பளத்திலிருந்து போகும். தொகை சிறியது. ஆனால், யாருடைய மேசையில் கோப்பு தூங்கியது என்ற கேள்விக்கு அது ஒரு பெயரைப் பதிலாகப் பெற்றுத் தருகிறது.

இவற்றையெல்லாம்விட வலுவான முன்மாதிரி தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2024 ஜூலையில் மாநில அரசு சுயசான்று முறையில் உடனடிக் கட்டட அனுமதி வழங்கத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், தரைத்தளமோ அதோடு முதல் தளமோ கொண்ட, 3,500 சதுர அடிக்குள் அடங்கும் குடியிருப்புக்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். ஒரு வீட்டையே கட்டிக்கொள்ள உரிமையாளரின் உறுதிமொழி போதும் என்று நம்பும் அரசு, அந்த வீட்டின் கழிவுநீரைத் தெருக்குழாயில் சேர்க்க மட்டும் தாளுக்கு மேல் தாள் கேட்பதை எந்தத் தர்க்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

வாரியத்துக்கும் இது தெரியாமல் இல்லை. அழைத்தால் ஊழியரே வீடு தேடி வரும் ‘அழைத்தால் இணைப்பு’, கட்டணத்தைத் தவணையில் கட்ட வழிசெய்யும் ‘இல்லந்தோறும் இணைப்பு’ ஆகிய திட்டங்கள், மக்கள் கவுன்ட்டருக்கு வரத் தயங்குகிறார்கள் என்பதை வாரியமே ஒப்புக்கொண்டதன் அடையாளம். ஆனால், இவை கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகள். வீட்டுக்கு வந்து வாங்கிப்போன விண்ணப்பமும் கடைசியில் அதே மேசைக்குத்தான் போகிறது. அந்த மேசையின் பழக்கம் மாறாமல் வாசலை மட்டும் அகலப்படுத்தினால் நெரிசல் உள்ளே இடம் மாறும், அவ்வளவுதான்.

சீட்டில் என்ன இருக்க வேண்டும்

முதலில் வேண்டியது ஒரு பட்டியல். தனிவீடு, பெயர் மாறாத பூர்விக வீடு, அடுக்குமாடிக் குடியிருப்பு, கடை, உணவகம் என்று வகை வாரியாக எந்தெந்தத் தாள் வேண்டும் என்பதை வாரியம் ஆணையாக வெளியிட வேண்டும். பட்டியலில் இல்லாத தாளைக் கேட்கும் அதிகாரம் எந்த மேசைக்கும் இருக்கக் கூடாது. அரசிடமே இருக்கும் தாளை மக்களிடம் கேட்கவும் கூடாது. சொத்தின் ஆண்டு மதிப்பை அடிப்படையாகக் கொண்டு வாரியம் தானே குடிநீர், கழிவுநீர் வரி வசூலிக்கிறது. அப்படி இருக்கும்போது சொத்துவரி எண்ணைச் சொன்னாலே உரிமையாளர் பெயர், கட்டடப் பரப்பு, பயன்பாடு எல்லாம் திரையில் தெரிய வேண்டும். ரசீதை நகலெடுத்துக் கையொப்பமிட்டுக் கொண்டுவரச் சொல்வதற்கு அவசியமே இல்லை.

அடுத்தது ஒப்புகைச் சீட்டு. இப்போது கொடுக்கப்படும் ரசீது பெரும்பாலும் ஒரு எண்ணோடு நின்றுவிடுகிறது. சீட்டில் ஆறு செய்திகள் அச்சாக வேண்டும்: விண்ணப்பம் பெற்ற நாளும் நேரமும், பெற்றவரின் பெயரும் பதவியும், கொடுக்கப்பட்ட தாள்களின் பட்டியல், குறையும் தாள்கள் இருந்தால் அவை அனைத்தும், தல ஆய்வு, மதிப்பீடு, இணைப்பு ஆகியவை ஒவ்வொன்றும் எந்தத் தேதிக்குள் முடியும் என்பதும், தவறினால் அணுக வேண்டிய மேலதிகாரியும். குறை எதுவும் இல்லை என்றால் ‘முழுமை’ என்று முத்திரை விழ வேண்டும். அந்த முத்திரை விழுந்த பிறகு புதிதாக ஒரு தாள் வேண்டும் என்று யாராவது நினைத்தால், பகுதிப் பொறியாளர் காரணம் எழுதிக் கையொப்பமிட்ட பிறகே கேட்கலாம். அப்போதும் கெடு நிற்காமல் ஓட வேண்டும். மொத்தச் சீர்திருத்தத்தின் உயிர்நாடி இந்த ஒரு நிபந்தனைதான். கூடுதலாகக் கேட்பது இன்று இலவசம். நாளை அது ஒரு கையொப்பத்தின் பொறுப்பாக மாறினால், தேவையில்லாத கேள்விகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

சாலை வெட்டு அனுமதியும் இதே சீட்டுக்குள் அடங்க வேண்டும். ஓர் அரசு அமைப்பு இன்னோர் அரசு அமைப்பிடம் வாங்க வேண்டிய அனுமதிக்காகக் குடிமகன் இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் தபால்காரர் வேலை பார்க்க வேண்டியதில்லை. சீரமைப்புக் கட்டணத்தை ஒரே தொகையில் சேர்த்து வாங்கிக்கொண்டு, மாநகராட்சியிடம் வாரியமே அனுமதி கேட்கலாம். வடகிழக்குப் பருவமழையை ஒட்டிச் சாலை வெட்டுக்கு மாநகராட்சி தடை விதிப்பது ஆண்டுதோறும் நடப்பது. ஆகஸ்ட் கடைசியில் விண்ணப்பிப்பவரிடம், மழைக்கு முன் வேலை முடியுமா, ஜனவரிக்குத் தள்ளுமா என்பதை முதல் நாளே சொல்லிவிட முடியும். தள்ளும் என்று தெரிந்தால் அவர் அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்வார்.

எழக்கூடிய மறுப்புகள்

பொறியாளர்கள் தரப்பில் முதலில் வரும் மறுப்பு நியாயமானது. கழிவுநீர்க் குழாயில் எதை வேண்டுமானாலும் இணைத்துவிட முடியாது. தெருக்குழாயின் மட்டத்தைவிட வீட்டுத் தொட்டியின் மட்டம் தாழ்ந்திருந்தால் கழிவுநீர் வீட்டுக்குள் திரும்பும். மொட்டைமாடி மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விட்டால் ஐப்பசி மழையில் தெருவெல்லாம் பொங்கும். உணவகத்தின் எண்ணெய்ப் பிசுக்கு நேரடியாகப் போனால் குழாய் அடைத்துக்கொள்ளும். இவற்றைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால், இவற்றில் எதையும் பத்திர நகலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இடத்துக்குப் போய்தான் பார்க்க முடியும். தாள் பார்ப்பதில் செலவாகும் நேரத்தைத் தலத்தில் செலவிடுங்கள் என்பதே இங்கே வைக்கும் கோரிக்கை. வழக்கமான தனிவீட்டுக்கு ஒரே ஒரு தல ஆய்வு, அங்கேயே மதிப்பீடு என்று முடிக்கலாம். உணவகம், மருத்துவமனை, பெரிய அடுக்குமாடி போன்றவற்றுக்கு விரிவான ஆய்வை வைத்துக்கொள்ளலாம். எல்லோரையும் ஒரே சல்லடையில் சலிப்பதால்தான் கவனமாகப் பார்க்க வேண்டியவை தப்பிவிடுகின்றன.

இரண்டாவது மறுப்பு சட்டம் சார்ந்தது. பணி நிறைவுச் சான்றோ குடியேறுவதற்கான சான்றோ காட்டிய பிறகே மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் தரப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. நடைமுறையை எளிதாக்குவது விதிமீறிய கட்டடங்களுக்குக் கதவு திறந்துவிடாதா என்று கேட்கலாம். திறக்காது. சான்று தேவைப்படும் கட்டடங்களுக்குப் பட்டியலிலேயே அது இடம்பெறும். அது இல்லாத விண்ணப்பம் முதல் நாளே ‘முழுமையற்றது’ என்று எழுத்தில் திரும்பிவிடும். கண்டிப்பான விதிக்கும் தெளிவான நடைமுறைக்கும் எந்த முரணும் இல்லை. விதிமீறல் உண்மையில் நுழைவது, யாருக்கு எது பொருந்தும் என்று மேசைக்கு மேசை மாறும் மங்கலான இடத்தில்தான். தமிழ்நாட்டின் கட்டட விதிகள் சிறு குடியிருப்புகளுக்கு நிறைவுச் சான்றிலிருந்து தந்திருக்கும் விலக்கை, தீர்ப்புக்குப் பிறகு எப்படிப் பின்பற்றுவது என்பதை அரசு ஒரே விளக்க ஆணையில் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பகுதி அலுவலகமும் தன் போக்கில் பொருள் கொள்ள விட்டால் அதன் பாரமும் விண்ணப்பதாரர் தலையிலேயே விழும். இணைப்பு என்பது உரிமைச் சான்று ஆகாது என்ற வரியையும் சீட்டில் அச்சிட்டுவிட்டால், பங்காளிச் சண்டைகளைக் காட்டி விண்ணப்பத்தை நிறுத்திவைக்கும் தேவையும் குறையும்.

எல்லாம்தான் இணையத்தில் வந்துவிட்டதே என்பது மூன்றாவது. இணையம் வரிசையை ஒழிக்கிறது. திருப்பி அனுப்புவதை ஒழிப்பதில்லை. முன்பு நேரில் சொன்ன ‘இன்னொரு தாள் கொண்டுவாங்க’ என்பது இப்போது குறுஞ்செய்தியாக வருகிறது. நேரில் இருந்தால் எதிர்க்கேள்வியாவது கேட்கலாம். திரையில் ‘ஆவணங்கள் போதாது’ என்று மட்டும் வந்தால் எது போதாது என்று கேட்க ஆளில்லை. ஆகவே முழுமைச் சீட்டு விதி இணையத்துக்கும் பொருந்த வேண்டும். ஒரு விண்ணப்பத்தை ஒரு முறைக்கு மேல் திருப்பி அனுப்பும் வசதியே மென்பொருளில் இருக்கக் கூடாது.

ஆள் பற்றாக்குறை என்ற நான்காவது மறுப்பில் உண்மை இருக்கிறது. அதுவே இந்த மாற்றத்துக்கான வாதமும் ஆகிறது. நான்கு முறை வரும் ஒரு விண்ணப்பதாரர், கவுன்ட்டருக்கு நான்கு பேராகத் தெரிகிறார். ஒவ்வொரு முறையும் கோப்பைத் தேடி எடுத்து, மறுபடி படித்து, மறுபடி பதில் சொல்ல வேண்டும். முதல் முறையே முடித்துவிட்டால், இருக்கும் ஊழியர்களின் நேரம் கணிசமாக மிச்சமாகும். முதல் கவுன்ட்டரில் அனுபவம் குறைந்த ஊழியரை உட்காரவைக்கும் வழக்கத்தைத்தான் மாற்ற வேண்டியிருக்கும். பட்டியலை நன்கு அறிந்தவரும் முத்திரையிடும் அதிகாரம் உள்ளவருமே அந்த நாற்காலியில் இருக்க வேண்டும்.

குழாயே தாங்காத தெருவில் வேகமாக இணைப்புக் கொடுத்து என்ன பயன் என்றும் கேட்கலாம். குழாய் தாங்குமா என்பது ஒரு வீட்டைப் பற்றிய கேள்வியே இல்லை. அது தெருவைப் பற்றியது. அதற்கான விடை வாரியத்திடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். எந்தத் தெருவில் இணைப்புத் தர முடியும், எங்கே பணி நடக்கிறது, எங்கே இப்போதைக்கு இயலாது என்று தெரு வாரியாக வெளியிட்டுவிட்டால், இயலாத இடத்தில் மக்கள் விண்ணப்பித்து ஏமாற மாட்டார்கள். குழாயை எங்கே பெரிதாக்க வேண்டும் என்று வார்டு உறுப்பினர்கள் கேள்வி கேட்கவும் அந்தப் பட்டியல் உதவும்.

கெடுவும் தண்டமும் வந்தால் அதிகாரிகள் நாளைக் காப்பாற்றிக்கொள்ள விண்ணப்பங்களை நிராகரிக்கத் தொடங்குவார்கள் என்ற அச்சம் கடைசியாக எழும். இலக்கு வைக்கும் எந்த முறையிலும் இந்த ஆபத்து உண்டு என்பதால் நாள்களை மட்டும் எண்ணக் கூடாது. முதல் வருகையிலேயே முழுமை பெற்றவை எத்தனை, திருப்பப்பட்டவை எத்தனை, நிராகரிக்கப்பட்டவை எத்தனை, காரணங்கள் என்ன என்பவற்றைப் பகுதி வாரியாக மாதந்தோறும் வெளியிட வேண்டும். ஒரே வேலையைச் செய்யும் பதினைந்து பகுதி அலுவலகங்களின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எங்கே கை சுணங்குகிறது, எங்கே நிராகரிப்பு வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது என்பது விசாரணைக் குழு இல்லாமலே தெரியும். பகுதி அலுவலகங்களில் மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் குறைதீர்க் கூட்டத்தில், கெடு கடந்த விண்ணப்பங்களின் பட்டியலைப் பொறியாளரே வாசித்துக் காரணம் சொல்லட்டும்.

மத்தியப் பிரதேசம் 2010-இல் தொடங்கிவைத்த சேவை பெறும் உரிமைச் சட்டம் கர்நாடகத்திலும் கேரளத்திலும் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. அந்தச் சட்டம் வரும்வரை வாரியம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆவணப் பட்டியலை வெளியிடவும், சீட்டின் வடிவத்தை மாற்றவும், ‘முழுமை’ முத்திரைக்குப் பிறகு புதுத் தாள் கேட்பதைத் தடைசெய்யவும் நிர்வாக இயக்குநரின் சுற்றறிக்கையே போதுமானது. பழைய நகர்ப்பகுதியில் ஒன்று, விரிவாக்கப் பகுதியில் ஒன்று என இரண்டு பகுதி அலுவலகங்களில் முதலில் ஆறு மாதம் நடத்திப் பார்க்கலாம். அந்த எண்களை மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டுவிட்டு, அடுத்த நிதியாண்டின் தொடக்கத்திலிருந்து நகரம் முழுவதும் விரிக்கலாம். ஆறுகளைச் சுத்தப்படுத்தக் கோடிகளை ஒதுக்கும்போதெல்லாம், அந்த ஆறுகளுக்குள் கழிவுநீர் போகாமல் தடுக்கும் இந்த மலிவான வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று சட்டமன்றமும் மாமன்றமும் கேட்க வேண்டும்.